நீல யானை ரயிலின் தொடக்கப் பயணம்

யானைக்குட்டி உலகம் என்ற கேளிக்கைப் பூங்காவில் நீல யானை ரயிலில் ஏறுவதற்கு எண்பது சென்டிமீட்டர் உயரமும் கூட ஒரு பெரியவரும் இருந்தால் போதும். நுழைவாயிலில் அப்படித்தான் எழுதிப் போட்டிருக்கிறார்கள். சமந்தாவின் உயரம் தொண்ணூற்றெட்டு. பெரியவராக அவள் அப்பா திமோத்தி இருந்தான். ஆனாலும் அவளை அந்த ரயிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த ஒரு தலைவரும், ஒரு செயலாளரும், ஒன்பது உபகுழுக்களும், நான்கு மாத காலமும், அரசப் பட்டம் பெற்ற ஒரு டத்தோவும் தேவைப்பட்டன.

கூலாயிலிருந்து ஜொகூர் பாரு போகும் நெடுஞ்சாலையில் அந்த யானையின் விளம்பரப் பலகை நிற்கிறது. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு ஆறு குட்டிப் பெட்டிகளை இழுக்கும் நீல யானை. அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சமந்தா காரின் கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டி, "யான, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். இப்படி ஒரு வருடமாக யானைக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திமோத்திக்குச் செனாயில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நாலாவது பிறந்தநாளன்று கட்டாயம் ஏற்றிவிடுவதாக அவன் மகளுக்கு வாக்குக் கொடுத்தான். பிறந்தநாள் நான்கு மாதம் தள்ளி ஒரு சனிக்கிழமையில் வந்தது. விடுப்பும் கிடைத்தது. அதையடுத்த திங்கட்கிழமை முதல் நீல யானை ரயில் சீரமைப்புக்காக ஆறு மாதம் மூடப்படும் என்று பூங்காவின் அறிவிப்பும் வந்தது. ஆக, அந்தச் சனிக்கிழமை தப்பினால் சமந்தாவின் யானை போய்விடும்.

அவன் மனைவி ரீத்தா ஒரு திட்டம் சொன்னாள்.

"எட்டு மணிக்குக் கெளம்புவோம். பத்து மணிக்கு கேட்டு தொறந்ததும் நேரா யானைகிட்ட போவோம். ரெண்டு பேரும் தூங்குற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துருவோம்."

ரெண்டு பேர் என்றது சமந்தாவையும் ஒன்றரை வயது ரயனையும். சிறு பிள்ளைகளோடு உல்லாசப் பயணம் போக இதைவிட நல்ல திட்டம் கிடையாது. எந்த உபகுழுவும் அதைத் தொடவில்லை என்பதே அதன் சிறப்பு.

திமோத்தி அதைப் பாலர் பள்ளி வாசலில் வாய்விட்டுச் சொன்னதுதான் தவறு. அங்கே காப்புறுதி முகவர் மதிவாணன் நின்றிருந்தார். அவர் தென் ஜொகூர் இளம் குடும்ப எழுச்சி இயக்கத்தின் செயலாளர்.

"தனியாவா போறீங்க?" என்று மதிவாணன் கேட்டார். மருத்துவமனையில் நோயாளியிடம் கேட்கும் குரல். "ஒரு குடும்பம் மட்டும் தனியா போய், தனியா சுத்திட்டு, தனியா வந்துடறதா? என்ன தம்பி இது."

"சின்னப் பிள்ளைங்கண்ணே. அதான்..."

"அதுக்குத்தான் இயக்கம் இருக்கு. நாப்பது குடும்பம் ஒண்ணா போறோம். அதே சனிக்கிழமதான். ஒங்க மகளுக்கு டத்தோ கையால கேக்கு வெட்டலாம். எல்லாம் நாங்க பாத்துக்குறோம்லா, நீங்க பிள்ளைய மட்டும் கொண்டாங்க."

திமோத்தி கையெழுத்துப் போட்டான். வீட்டில் சொன்னபோது ரீத்தா கேட்டாள்:

"கேக்கு வெட்டுறதுக்கு டத்தோ எதுக்குங்க? வீட்டுல கத்தி இல்லையா?"

இளம் குடும்ப எழுச்சி இயக்கத்தின் செயலவையில் பதினாறு பேர். அவர்களில் இளையவருக்கு வயது ஐம்பத்தேழு. அவரை மற்றவர்கள் 'நம்ம பையன்' என்று அழைத்தார்கள். தலைவர் தங்கராஜு எழுபதைத் தொட்டிருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக இளம் குடும்பங்களை அவர்தான் எழுச்சி பெறச் செய்துவருகிறார்.

முதல் திட்டக் கூட்டம் கூலாய் சமூக மண்டபத்தில் நடந்தது. முதல் அங்கம், சென்ற கூட்டத்தின் அறிக்கையை ஏற்றுக்கொள்வது. இதுதான் முதல் கூட்டம் என்பதால் சென்ற கூட்டம் என்று ஒன்று இல்லை. ஆயினும் ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது. பிறகு தலைவர் பேசினார்.

"நம் சமுதாயம் ஏன் பின்தங்கியிருக்கிறது? சிந்தித்துப் பாருங்கள். நாலு குடும்பம் நாலு காரில், நாலு நேரத்தில், தங்கள் இஷ்டத்துக்குப் போய் விளையாடிவிட்டு வந்துவிடுகிறது. தலைமை எங்கே? வரவேற்புரை எங்கே? குழந்தை சிரித்தது என்பதற்குச் சாட்சி எங்கே? நான் இந்த இயக்கத்துக்கு வந்த நாள் முதல் ஒரு குழந்தைகூட என் அனுமதியில்லாமல் ஊஞ்சலில் ஆடியதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

பலத்த கைதட்டல். உபகுழுக்கள் அமைக்கப்பட்டன. பால்புட்டி உபகுழு. தள்ளுவண்டி அணிவகுப்பு உபகுழு. தூக்க ஒருங்கிணைப்பு உபகுழு. இது எல்லாப் பாலரும் பிற்பகல் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை ஒரே நேரத்தில் தூங்குவதை உறுதிசெய்யும். அழுகைக் கண்காணிப்பு உபகுழுவுக்கு மகளிர் பிரிவுத் தலைவி வெள்ளையம்மா பொறுப்பேற்றார். பதாகை உபகுழுவில் மட்டும் சேர பதினொரு பேர் போட்டியிட்டார்கள். பதாகையில் யார் படம் எந்த அளவில் வருவது என்ற விவாதம் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. டத்தோ ரூபேந்திரன் நான்கடி, தலைவர் மூன்றடி, செயலாளர் இரண்டடி என்று முடிவாயிற்று. யானைக்கு இடம் போதவில்லை.

திமோத்தி கையைத் தூக்கினான்.

"தலைவரே, நீல யானை ரயில்ல பிள்ளைங்கள எத்தன மணிக்கு ஏத்துவீங்க?"

 சிலர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மதிவாணன் கோப்பைப் புரட்டி, மெல்லிய குரலில் சொன்னார்:

"தம்பி, அது நிகழ்ச்சி நிரல்ல இல்ல. 'இதர விவகாரங்கள்'ல போட்டுருவோம்."

இதர விவகாரங்களுக்கு வருவதற்குள் காவலாளி மண்டபத்தைப் பூட்ட வந்துவிட்டார்.

ஒரு வாரத்தில் பாலர் விவரப் படிவம் வந்தது. குழந்தையின் பெயர், அடையாள எண், தொழில். வழக்கமாக அழும் நேரம். அழுகைக்கான காரணம்: ஒன்றை மட்டும் குறியிடவும். ரீத்தா தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதினாள். அது அப்படியே ஏற்கப்பட்டது. ரயனுக்கு வந்த அடையாள அட்டையில் 'தொழில்முனைவர்' என்று அச்சாகியிருந்தது.

மூன்றாவது மாதம் ஒத்திகை. மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாக ரயில் பெட்டி போல் அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் துண்டு விரித்த ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதுதான் டத்தோ. பிள்ளைகள் அதன் முன்னால் வந்து வணங்கிவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போகவேண்டும்.

வெள்ளையம்மா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைங்களா, நா 'டத்தோ'ன்னு சொன்னா நீங்க என்ன செய்யணும்? கை தட்டணும். எங்க, டத்தோ."

ஒரு குழந்தை தும்மியது.

"மறுபடியும். டத்தோ."

இருபது முறை சொன்னார். இருபத்தோராவது முறை ஒன்றரை வயது ரயன் படபடவென்று தட்டினான். வெள்ளையம்மா மகிழ்ந்துபோய் அவனை மேடையில் தூக்கிக் காட்டினார். இயக்கத்தின் நான்கு மாத உழைப்பில் ஒரு குழந்தைக்குக் கிடைத்த கல்வி அது ஒன்றுதான்.

சமந்தா மூன்றாவது நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஆன்ட்டி, ரயிலு எப்ப போவும்?"

"டத்தோ வந்தோன போவும்மா. டத்தோ வராம ரயிலு போவாது."

அந்த ஒத்திகையில்தான் திமோத்திக்கும் ஒரு பொறுப்பு வந்தது. பொன்னாடைத் தட்டு ஏந்துபவர் இடுப்பு வலியென்று விலகிவிட்டார். மதிவாணன் கண்ணால் கூட்டத்தை அளந்தார். திமோத்தியின் தோளைப் பிடித்தார்.

"ஒங்களுக்கு நல்ல ஒயரம் தம்பி. தட்டு எடுப்பா தெரியும்."

திமோத்திக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. வீட்டில் நாசி லெமாக் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் இரண்டு முறை நடந்து பார்த்தான். ரீத்தா பார்த்துவிட்டாள்.

"பிள்ளைய யாரு புடிச்சிக்குவா?"

"பத்து நிமிஷம்தான். பொன்னாட முடிஞ்சதும் நேரா யானதான்."

சனிக்கிழமை காலை ஆறரைக்குச் சமூக மண்டபத்தில் கூடினார்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-சட்டை. சட்டை உபகுழு பாலர் அளவு ஒன்று இருப்பதை யோசிக்கவில்லை. நாற்பது குடும்பத்துக் குழந்தைகளும் பெரியவர் சட்டைக்குள் அங்கி உடுத்திய சின்னப் பாதிரியார்கள் போல நடந்தார்கள். சமந்தா தன் சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள். மண்டபத்தின் முன் பதாகையோடு ஒரு படம். பேருந்துகளின் முன் ஒரு படம். பேருந்துக்குள் பதாகையை விரிக்க முடியாததால் எல்லாரும் இறங்கி மீண்டும் ஒரு படம்.

நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகை வந்தது. சமந்தா கண்ணாடியில் கை வைத்தாள்.

"யான, இன்னிக்கு வர்றேன்."

கெலாங் பாத்தாவில் பூங்கா வாசலில் இறங்கும்போது மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்குக் கதவு திறந்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஓடின. ஒரு சீனக் குடும்பம், கையில் ஒரு புட்டி, தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு குழந்தை. எந்தத் தலைமையும் இல்லாமல் உள்ளே போய்விட்டது. தங்கராஜு அவர்களை இரக்கத்தோடு பார்த்தார்.

"டத்தோ வராம நம்ம உள்ள போவக்கூடாது" என்றார். "வாசல்லதான் வரவேற்பு."

பத்தரை ஆயிற்று. டத்தோ கிளம்பிவிட்டார் என்று செய்தி வந்தது. பதினொன்று ஆயிற்று. டத்தோ இன்னும் கிளம்பவில்லை, ஆனால் கிளம்பும் மனநிலையில் இருக்கிறார் என்று செய்தி வந்தது. வெயில் தலைக்கு மேல் வந்தது. அழுகைக் கண்காணிப்பு உபகுழு முப்பத்தொரு அழுகைகளைப் பதிவுசெய்துவிட்டுப் படிவம் தீர்ந்ததால் கண்காணிப்பை நிறுத்தியது. ரயனுக்குப் பெம்பர்ஸ் மாற்ற ரீத்தா எழுந்தாள். மதிவாணன் குறுக்கே வந்தார்.

"தங்கச்சி, பெம்பர்ஸ் நேரம் பன்னண்டர."

"இத நீங்க அவன்கிட்ட சொல்லுங்கண்ணே" என்று ரீத்தா பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். மதிவாணன் ஒரு நொடி பிடித்துப் பார்த்தார். விதிவிலக்கு வழங்கினார்.

பன்னிரண்டே காலுக்கு டத்தோ ரூபேந்திரன் வந்து சேர்ந்தார். உறுமி மேளம் அதிர்ந்தது. தூங்கத் தொடங்கியிருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து அலறின. அன்று இயக்கம் சாதித்த ஒரே ஒருங்கிணைப்பு அதுதான். "பிள்ளைங்களுக்கு ஒங்க மேல எவ்வளவு பாசம் பாருங்க டத்தோ" என்றார் தங்கராஜு.

எல்லாரும் உள்ளே போய், நீல யானை ரயிலுக்கு எதிரிலிருந்த கூடாரத்தில் உட்கார்ந்தார்கள். இருபது அடி தூரத்தில் யானை நின்றது. பலகையில் பார்த்ததைவிட நீலமாக இருந்தது. காதுகள் ஆடின. சமந்தா எழுந்து நின்றுவிட்டாள். வெள்ளையம்மா அவளை உட்காரவைத்தார்.

வரவேற்புரை நடந்தது. தலைவர் உரை நடந்தது. டத்தோ ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறையாவது அவர்களை வந்து பார்த்துவிடுகிறேன். இன்று காலை எனக்கு மூன்று நிகழ்ச்சிகள். ஒன்று முதியோர் இல்லம், ஒன்று கடைத் திறப்பு. மூன்றாவது என்னவென்று நினைவில்லை, ஆனால் அங்கேயும் நல்ல கூட்டம். இந்த யானையை இங்கே கொண்டுவந்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் தன்னடக்கம் உள்ளவன். உங்கள் தலைவரைக் கேளுங்கள், அவர் சொல்வார். குழந்தைகளே, நீங்கள்தான் நாளைய தலைவர்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். இன்றைய தலைவர்கள் இன்னும் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறோம்."

செயலவையினர் எழுந்து நின்று தட்டினார்கள். பிறகு பொன்னாடை. தலைவர் டத்தோவுக்குப் போர்த்தினார். டத்தோ தலைவருக்குப் போர்த்தினார். செயலாளர் இருவருக்கும் போர்த்தினார். இருவரும் செயலாளருக்குப் போர்த்தினார்கள். தட்டை ஏந்திய திமோத்தி ஒவ்வொருவர் பின்னாலும் நடந்தான். முப்பத்தாறு பாகை வெயிலில் ஒவ்வொருவர் தோளிலும் மூன்று நான்கு பட்டுத்துணிகள் ஏறின.

அப்போது யாரோ அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சமந்தா.

"அப்பா, யான கூப்பிடுது."

கூப்பிட்டது யானை இல்லை, ரயிலை இயக்கும் மலாய்ப் பெண். கூடாரத்தில் இத்தனை பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதை அவள் அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பெட்டிகளும் காலி. சமந்தாவைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

"அடிக், நாக் நாய்க்? மாரி, மாரி." வந்து ஏறிக்கொள்ளச் சொன்னாள். கம்பிக் கதவையும் திறந்து பிடித்தாள்.

ரீத்தா தோளில் தூங்கும் ரயனோடு மூன்றாவது வரிசையில் மாட்டியிருந்தாள். எழுந்து வர வழியில்லை. அங்கிருந்தே அவனைப் பார்த்து, தலையால் யானையைக் காட்டினாள். போங்க, என்றாள் வாயசைவில்.

இருபது அடி. தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பத்து எட்டு. திமோத்தி தட்டைப் பார்த்தான். இன்னும் மூன்று பொன்னாடைகள் இருந்தன. மேடையில் தங்கராஜு கையை நீட்டிக்கொண்டு நின்றார். எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டு எடுப்பாகத்தான் இருந்தது.

"இரும்மா" என்றான் திமோத்தி. "இன்னும் மூணுதான்."

சமந்தா கால்சட்டையை விட்டாள். மலாய்ப் பெண் சற்றுக் காத்திருந்து கம்பிக் கதவைச் சாத்தினாள். நீல யானை ரயில் ஆளே இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

மூன்றாவது பொன்னாடை போர்த்தி முடிந்ததும் அறிவிப்பாளர் முழங்கினார்: "அடுத்து நாம் ஆவலோடு எதிர்பார்த்த அங்கம். நீல யானை ரயிலின் தொடக்கப் பயணம். டத்தோ அவர்கள் முன்னிலையில், செயலவையினர் ரயிலில் ஏறுவார்கள்."

பிள்ளைகள் எழுந்தார்கள். உபகுழுக்கள் அவர்களை உட்காரவைத்தன. டத்தோ யானைக்குப் பின்னால் முதல் பெட்டியில் ஏறினார். பதினாறு செயலவையினரும் டத்தோவின் உதவியாளரும் மீதி இடங்களில் ஏறினார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் என்று பலகை சொன்னது. இயக்கம் ஒரு பெட்டிக்கு மூன்று பெரியவர்கள் என்று கணக்குப் போட்டது. முழங்கால்கள் தாடையை இடித்தன. மலாய்ப் பெண் ஓடிவந்தாள்.

"பாக்சிக், இனி உந்தோக் பூடாக்." இது குழந்தைகளுக்கானது என்று கெஞ்சினாள்.

"தாவ், தாவ்" என்று மதிவாணன் தெரியும் என்பதாகக் கையமர்த்தினார். "குழந்தைங்க சார்பாத்தான் ஏறியிருக்கோம்."

கேமராவுக்காக எல்லாரும் கையசைத்தார்கள். ரயில் நகர்ந்தது. ஒரு பிளாஸ்டிக் காளானைச் சுற்றி, சின்ன மேட்டில் ஏறியது. பாதி ஏறியதும் யானைக்குள்ளிருந்து சர்க்கரை கருகும் வாசனை வந்தது. ரயில் நின்றது. தும்பிக்கை தூக்கியது தூக்கியபடி நிற்க, குழந்தைப் பாட்டின் முதல் அடி மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தது.

பூங்காப் பணியாளர்கள் பலகைகளைக் கொண்டுவந்தார்கள். இறங்குவதிலும் மரபு உண்டு. டத்தோவுக்கு முன்னால் இறங்கமாட்டேன் என்று தங்கராஜு மறுத்தார். டத்தோவின் பெட்டி மேட்டின் உச்சியில் இருந்தது. அவரை இறக்கவேண்டுமானால் முதலில் பின்பெட்டிகள் காலியாகவேண்டும். யார் யார் எந்த வரிசையில் இறங்குவது என்று மேட்டிலேயே ஓர் அவசரக் கூட்டம் நடந்தது. நாற்பது நிமிடம் கழித்துக் கடைசி ஆள் இறங்கியதும் மலாய்ப் பெண் கம்பிக் கதவில் ஒரு பலகையை மாட்டினாள். சமந்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் அவளுக்குப் புரிந்தது.

"யானக்கி என்னாச்சுப்பா?"

 திமோத்தி தங்கராஜுவிடம் போனான். அவர் பொன்னாடையால் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, பிள்ளைங்க யாரும் ஏறல."

"கவலப்படாதீங்க தம்பி. அதுக்கெல்லாம் ஏற்பாடு இருக்கு."

ஏற்பாடு ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தது. குடும்பத்துக்கு ஒன்றாக நாற்பது சான்றிதழ்கள், நான்கு நாள் முன்பே அச்சிட்டவை. 'நீல யானை ரயிலில் வெற்றிகரமாகப் பயணம் செய்தமைக்காக.' டத்தோ தம் கையால் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். சமந்தா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கேக்கு வெயிலில் இளகிவிட்டது. அதை டத்தோ வெட்டினார், ஊற்றினார் என்றும் சொல்லலாம். சமந்தாவின் பெயர் கிரீமோடு ஓடிப்போயிருந்தும் அது யார் பிறந்தநாள் என்று அவர் கேட்கவில்லை. இடி இடித்தது. பூங்காவில் சங்கு ஊதி, திறந்தவெளி விளையாட்டுகள் எல்லாவற்றையும் மூடினார்கள். மழையில் பேருந்துகளுக்கு ஓடினார்கள்.

பேருந்தில் சமந்தா சான்றிதழை அவனிடம் நீட்டினாள்.

"என்னா எழுதியிருக்குப்பா?"

திமோத்தி அதைப் பார்த்தான். "சமந்தா திமோத்தின்னு எழுதியிருக்கு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்மா."

 ரீத்தா ரயனின் ஈரமான பெம்பர்ஸைச் சுருட்டி, திமோத்தியின் மடியிலிருந்த வெள்ளித் தட்டில் வைத்தாள். அன்று அந்தத் தட்டு தாங்கியவற்றில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை 'போஸ்ட்மார்ட்டம்' கூட்டம். இயக்கங்களில் நிகழ்ச்சி முடிந்தபின் நடத்தும் ஆய்வுக் கூட்டத்துக்கு அப்படித்தான் பெயர். யார் வைத்ததோ, பொருத்தமான பெயர். திமோத்தி ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். என்ன சொல்வது என்று செனாயிலிருந்து கூலாய் வரை காரில் சத்தமாகப் பேசிப் பார்த்திருந்தான். நல்ல சூடான வாக்கியங்கள்.

மதிவாணன் அறிக்கையை வாசித்தார். நூறு விழுக்காடு வெற்றி. பாலர்கள் அனைவரும் நீல யானை ரயிலில் மகிழ்ச்சியாகப் பயணம் செய்தனர்.

திமோத்தி எழுந்தான். "என் பிள்ள ஏறல."

மதிவாணன் கோப்பைப் புரட்டினார். "சான்றிதழ் வாங்கிட்டாளா?"

"வாங்கிட்டா."

"அப்ப ஏறிட்டா தம்பி."

"ரயிலுதான் ஓடலியே. நீங்கதான் அதுல..."

"ஒங்க கேள்வி இருக்கு" என்றார் மதிவாணன், பொறுமையாக விரலை ஒரு வரியில் வைத்து. "முதல் கூட்டத்துலயே பதிஞ்சிருக்கு. 'ரயிலில் எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள்.' இதர விவகாரம். பயணம் முடிஞ்சுட்டதால 'தீர்க்கப்பட்டது'ன்னு போட்டுருக்கோம்."

திமோத்தி வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் தங்கராஜு கையில் ஏதோ பளபளக்கும் துணியோடு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"இந்தத் தம்பி இல்லேன்னா பொன்னாட அங்கமே இல்ல. ரெண்டு மணி நேரம் தட்டு ஒரு இஞ்சு சாயல. டத்தோ காருல ஏறும்போது கேட்டாரு, அந்தத் தட்டு புடிச்ச பையன் யாருன்னு. அடுத்த வருஷம் பொன்னாட உபகுழுவுக்கு இவருதான் தலைவரு."

தோளில் துணி விழுந்தது. கூட்டம் தட்டியது. கேமரா மின்னியது. செனாயிலிருந்து கூலாய் வரை சேர்த்துவைத்திருந்த வாக்கியங்களில் திமோத்தியால் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. அது அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று.

"நன்றி தலைவரே" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது ரீத்தா சமையலறையில் இருந்தாள். அவன் தோளைப் பார்த்தாள். திரும்பி வெங்காயத்தை நறுக்கினாள்.

கூடத்தில் சமந்தா சாப்பாட்டு மேசையின் நாற்காலிகளை எல்லாம் இழுத்து வரிசையாக அடுக்கியிருந்தாள். முதல் நாற்காலியின் முதுகில் நீலத் துண்டு, இரண்டு பக்கமும் காதுகள் போலத் தொங்கியது. இரண்டாவது நாற்காலி காலி. மூன்றாவதில் ரயன். அவனுக்குப் பின்னால் சமந்தா, முதுகு நிமிர்த்தி, ஒரு கையால் முன்னால் பிடித்துக்கொண்டு.

 திமோத்தி கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"அப்பாவும் வந்துட்டேன். ரயிலு போலாமா?"

சமந்தா திரும்பிப் பார்த்தாள். இறங்கி வந்தாள். அவன் தோளிலிருந்த பொன்னாடையை உருவினாள். அதைக் கொண்டுபோய்க் காலி நாற்காலியில் விரித்து, சுருக்கங்களைக் கையால் நீவிவிட்டாள். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"இருங்கப்பா" என்றாள். "டத்தோ இன்னும் வரல."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ரயன் படபடவென்று கை தட்டினான்.